ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சு: தமிழ் மொழிபெயர்ப்பாளரின் பணி



மொழிபெயர்ப்பு என்றதும் கவிதையையும் காவியத்தையும் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கும்போது வாக்கியத்தின் நடுவே, பெரும்பாலும் சாய்வெழுத்தில், மூன்று நான்கு பிரெஞ்சுச் சொற்கள் வந்துவிடும். ஆங்கில வாசகர் அதைத் தயக்கமின்றிக் கடந்து போகிறார். நம் மொழிபெயர்ப்பாளர் அங்கே நின்றுவிடுகிறார். பிறகு வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கிறது. அந்த ஒலியைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி அடியில் ஒரு குறிப்புப் போடுகிறார். அல்லது பிரெஞ்சு அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிவிடுகிறார். முதல் வழியில் வாசகர் கையில் ஒன்றும் சேர்வதில்லை. இரண்டாவது வழியில் வேறு ஏதோ ஒன்று சேர்ந்துவிடுகிறது.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடர் பிறப்பால் பிரெஞ்சு, வாழ்க்கையால் ஆங்கிலம். பிரெஞ்சில் அதற்கு என்ன பொருள் என்பது துணைக் கேள்விதான். ஆங்கில வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பதே முதற்கேள்வி. அந்த வேலையைத்தான் நாம் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்.

அரசின் மொழியாக வந்தது

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் சில நூற்றாண்டுகள் அந்த நாட்டில் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. திருச்சபையும் ஆவணங்களும் லத்தீனில் இயங்கின. உழுதவரும் நெய்தவரும் ஆங்கிலம் பேசினர். 1362-இல், வழக்காடுவோருக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை, ஆகையால் வழக்குகளை ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று சட்டம் இயற்றினார்கள். அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. நீதிமன்றங்களில் ஆங்கிலம் பேசப்பட்ட பிறகும் வழக்கறிஞர்களின் குறிப்பேடுகளில் பிரெஞ்சு நெடுங்காலம் நீடித்தது. 1650-இல் குடியரசு ஆட்சி அதை விலக்கியது; 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் அந்த விலக்கும் போயிற்று. நீதிமன்ற ஆவணங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்ற நிலை 1733-இல்தான் உறுதியானது.

ஏறத்தாழ 700 ஆண்டுகள் ஒரு மொழி இன்னொரு மொழியின் அதிகார உடையாக இருந்திருக்கிறது. அதனால்தான் ஆங்கிலத்துக்குள் வரும் பிரெஞ்சு பெரும்பாலும் வெறும் பொருளைச் சொல்வதோடு நிற்பதில்லை. அதிகாரம், நாகரிகம், படிப்பு, மறைப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்றையும் சேர்த்தே சொல்கிறது.

இதற்கு ஒரு நல்ல சான்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருக்கிறது. ஒரு மசோதாவுக்கு அரசரின் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்பதை நார்மன் பிரெஞ்சில் அறிவிக்கும் மரபு இன்றும் அங்கே இருக்கிறது. அரசர் இதை விரும்புகிறார் என்பது அந்தத் தொடரின் பொருள். ஒப்புதல் மறுக்கப்படும்போது சொல்ல வேண்டிய தொடரும் இருக்கிறது. அது கடைசியாக ஒலித்தது 1708-இல், ஸ்காட்லாந்துப் படை தொடர்பான மசோதாவை ஆன் அரசி ஏற்க மறுத்தபோது. அகராதியைப் பார்த்தால் 'அரசி யோசிப்பார்' என்று பொருள் வரும். வரலாற்று நூலில் இதை 'அரசி யோசிப்பதாகக் கூறினார்' என்று தமிழாக்கினால் நடந்ததற்கு நேர்மாறான செய்தி கிடைக்கும். அவர் யோசிப்பதாகச் சொல்லவில்லை, மறுத்துவிட்டார். பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார் 'யோசித்துச் சொல்கிறோம்' என்றால் நம் வீடுகளில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அறிவைத்தான் மொழிபெயர்ப்பாளர் இங்கே பயன்படுத்த வேண்டும்.

பிரான்சில் வழங்காத பிரெஞ்சு

இரண்டாவதாக, ஆங்கிலத்துக்குள் இருக்கும் பிரெஞ்சில் ஒரு பகுதி பிரெஞ்சுக்காரர்களிடம் அந்தப் பயனில் இல்லவே இல்லை. புனைபெயரைக் குறிக்க ஆங்கிலத்தார் 'நாம் டி ப்ளூம்' என்கிறார்கள். இது இங்கிலாந்திலேயே உருவான தொடர். இரட்டுறப் பேசுவதை 'டபுள் என்டன்டர்' என்கிறார்கள். இன்றைய பிரெஞ்சில் அந்தத் தொடர் வழக்கில் இல்லை.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஆங்கோர்'. கச்சேரி முடிந்ததும் இன்னொரு முறை பாடச் சொல்லி ஆங்கிலேய ரசிகர்கள் இந்தப் பிரெஞ்சுச் சொல்லைக் கூவுவார்கள். பிரான்சின் ரசிகர்கள் அதே இடத்தில் 'பிஸ்' என்ற லத்தீன் சொல்லைக் கூவுவார்கள். தமிழ்நாட்டு நாடக மேடையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 'ஒன்ஸ் மோர்' என்று ஆங்கிலத்தில் கூவினார்கள். மூன்று மக்களும் மகிழ்ச்சியின் உச்சத்தில் அயல்மொழியையே எடுத்திருக்கிறார்கள். ஆங்கில நாவலில் கூட்டம் 'ஆங்கோர்' என்று ஆர்ப்பரித்தால் அதற்கு முழுமையான தமிழ் 'ஒன்ஸ் மோர்'தான். 'மறுமுறை, மறுமுறை' என்று எழுதினால் அகராதிக்கு உண்மையாக இருப்போம். அந்த அரங்கத்தை இழந்துவிடுவோம். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் வைப்பதே சிறந்த தமிழாக்கமாகும் அரிய இடம் இது.

இதைத் திருப்பியும் பார்க்கலாம். 'சீட்டுப் பணத்தை ஸ்வாகா செய்துவிட்டான்' என்று நாம் சொல்கிறோம். வேள்வித் தீயில் அவிசு சொரியும்போது சொல்லும் மந்திரச் சொல் அது. சமஸ்கிருத அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை ஆங்கிலமாக்கும் ஒருவர், அந்த ஆள் பணத்தைத் தெய்வத்துக்குப் படைத்துவிட்டதாக எழுதுவார். நம் சொல்லுக்கு அப்படி நேர்ந்தால் நாம் வருந்துவோம். பிறர் சொல்லுக்கும் அந்தப் பரிவைக் காட்டுவது நம் கடமை.

இன்னொரு வகை, பாதியில் நிறுத்தப்படும் தொடர். அல்ஃபோன்ஸ் கார் என்ற பிரெஞ்சு இதழாளர் 1849-இல் எழுதிய ஒரு கூற்று, மாற்றங்கள் கூடக் கூட எல்லாம் பழையபடியே இருக்கின்றன என்ற கருத்தைச் சொல்வது. ஆங்கிலக் கட்டுரையாளர்கள் அதன் முற்பகுதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். மீதியை வாசகர் தாமே நிரப்பிக்கொள்வார். முற்பகுதியை மட்டும் பெயர்த்தால் 'எவ்வளவு கூடுதலாக மாறுகிறதோ' என்று தொங்கி நிற்கும். சொல்லாமல் விட்ட பகுதியில்தான் பொருள் இருக்கிறது. 'ஆட்சி மாறினாலும் காட்சி மாறவில்லை' என்பது போன்ற முழு வாக்கியத்தைத் தமிழில் கொடுப்பதே நேர்மை. பிறமொழியில் சொல்லாமல் விளங்குவது நம் மொழியில் சொன்னால்தான் விளங்கும் என்றால், சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒப்பந்தத்தில் வரும் பிரெஞ்சு

சட்ட மொழியில் பிழை நேர்ந்தால் நாவலில் நேர்வதைவிட இழப்பு அதிகம். அங்கே சொத்தும் கூலியும் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

'மார்ட்கேஜ்' என்ற சொல் பிரெஞ்சில் 'செத்த ஈடு'. கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன்பட்டவருக்குச் செத்துவிடுகிறது. கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்குச் செத்துவிடுகிறது என்று 17-ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் இதை விளக்கினார். தமிழில் யாரும் 'செத்த ஈடு' என்று எழுதவில்லை. அடமானம் இருந்தது, ஒத்தி இருந்தது, போக்கியம் இருந்தது. நிலத்தை அனுபவித்துக்கொண்டே கடனைக் கழிக்கும் முறைக்கும், நிலம் கைமாறாமல் ஈடாக மட்டும் நிற்கும் முறைக்கும் நம்மிடம் வெவ்வேறு சொற்கள் இருந்தன. பத்திரம் எழுதியவர்கள் சொல்லைப் பார்க்காமல் காரியத்தைப் பார்த்ததால் தமிழ் இங்கே செழிப்பாக இருக்கிறது.

இப்போது ஒரு கடினமான தொடர்: 'ஃபோர்ஸ் மஜர்'. கட்டட ஒப்பந்தம், கப்பல் சரக்கு ஒப்பந்தம், திரைப்பட ஒப்பந்தம் எதை எடுத்தாலும் இதைக் காணலாம். சொல்லளவில் 'மேலான விசை'. தமிழில் இதைப் பலர் 'கடவுள் செயல்' என்று எழுதிவிடுகிறார்கள். இது ஆபத்தான பெயர்ப்பு. கடவுள் செயல் என்ற கருத்து ஆங்கிலச் சட்டத்தில் தனியாக இருக்கிறது. அது வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்ற இயற்கை நிகழ்வுகளைத்தான் குறிக்கும். 'ஃபோர்ஸ் மஜர்' பிரிவில் போர், வேலைநிறுத்தம், அரசின் தடையாணை ஆகியவையும் சேரக்கூடும். கடவுள் செயல் என்று எழுதிய தமிழ்ப் பிரதியை நம்பிக் கையெழுத்திடும் சிறு ஒப்பந்தக்காரர், துறைமுக வேலைநிறுத்தத்தால் சரக்கு தாமதமானால் தமக்குப் பாதுகாப்பு இல்லை என்று நினைத்துவிடுவார்.

இந்தத் தொடருக்குத் தமிழ் மண்ணிலேயே இரண்டு வாழ்க்கைகள் இருந்தன. 1804-இல் வெளிவந்த நெப்போலியனின் சிவில் சட்டத் தொகுப்பில், 1148-ஆம் பிரிவின்படி இது ஒரு முழுமையான சட்டக் கோட்பாடு. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் அது செல்லும். அந்தத் தொகுப்பு 1819-இல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ள கடலூரில் ஆங்கில வழிச் சட்டம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இந்தப் பிரெஞ்சுத் தொடரே கிடையாது. 32, 56-ஆம் பிரிவுகள் வேறு வகையில் அந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. ஆங்கில வழி ஒப்பந்தத்தில் இந்தத் தொடர் வந்தால், அந்த ஒப்பந்தம் அதன்கீழ் எதையெல்லாம் அடுக்கியிருக்கிறதோ அதுவே அதன் பொருள். ஆகவே ஆங்கில ஒப்பந்தத்தைத் தமிழாக்குபவர் பிரெஞ்சுச் சட்டத்தின் பொருளை உள்ளே கொண்டுவந்தால் இல்லாத உரிமை ஒன்றை எழுதியவர் ஆவார்.

2020 பிப்ரவரியில், கொரோனாவால் சரக்கு வரத்து தடைப்படுவதை ஒப்பந்தங்களின் 'ஃபோர்ஸ் மஜர்' பிரிவின்கீழ் கொள்ளலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் அறிவுறுத்தியது. அதன்பின் இந்தத் தொடர் சாதாரண மக்களின் வாழ்க்கையையும் தொட்டது. இதற்கு நான் பரிந்துரைக்கும் தமிழ் 'கைமீறிய நிகழ்வு'. 'காரியம் கைமீறிப் போய்விட்டது' என்று படிக்காதவரும் சொல்கிறார். இயற்கை, போர், அரசாணை மூன்றும் அதற்குள் அடங்கும். யார் பொறுப்பு, எது பொறுப்புக்கு அப்பாற்பட்டது என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

நான்கு சொற்கள், இரண்டு மரணங்கள்

இனி, ஆங்கிலத்தில் வழங்கும் பிரெஞ்சுத் தொடர்களிலேயே பெயர்ப்பதற்கு மிகவும் அரிது என்று நான் கருதும் ஒன்றுக்கு வருகிறேன். 'பூர் ஆங்குராழே லே ஸோத்ர்' என்ற நான்கு சொற்கள். அகராதிப்படி 'மற்றவர்களை ஊக்குவிப்பதற்காக'. ஒரு நிறுவனம் மூத்த அதிகாரி ஒருவரை ஊரறிய வேலையைவிட்டு நீக்கினாலோ, ஒரு கட்சி தன் உறுப்பினர் ஒருவரைப் பலியாக்கினாலோ ஆங்கிலப் பத்திரிகையாளர் இந்தத் தொடரை எழுதுவார்.

இதன் பின்னே ஒரு மனிதரின் மரணம் இருக்கிறது. ஜான் பிங் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர்களில் ஒருவர். மத்தியதரைக் கடலில் பிரிட்டன் வசமிருந்த மினோர்க்கா தீவைப் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது, பழுதடைந்த, போதிய ஆளில்லாத கப்பல்களோடு அவரை அனுப்பினார்கள். 1756 மே 20 அன்று நடந்த கடற்போரில் முடிவு எட்டப்படவில்லை. தம் அதிகாரிகளோடு கலந்து பேசி அவர் ஜிப்ரால்டருக்குத் திரும்பினார். ஜூன் இறுதியில் மினோர்க்காவின் கோட்டை வீழ்ந்தது. நாட்டில் கொந்தளிப்பு எழுந்தது. அமைச்சர்களுக்குப் பழியைச் சுமக்க ஒருவர் தேவைப்பட்டார். இராணுவ நீதிமன்றம் பிங்கைக் கோழைத்தனக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தம்மால் இயன்ற அனைத்தையும் செய்யவில்லை என்பது மட்டுமே குற்றமாக நின்றது. அந்தக் குற்றத்துக்கு மரணத்தைத் தவிர வேறு தண்டனை சட்டத்தில் இல்லை. தண்டித்த நீதிபதிகளே கருணை காட்டும்படி பரிந்துரைத்தார்கள். மினோர்க்காவை வென்ற பிரெஞ்சுத் தளபதி ரிஷெல்யூகூட எதிரிக்காகச் சான்று எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் இரங்கவில்லை. 1757 மார்ச் 14 அன்று போர்ட்ஸ்மவுத்தில், கப்பலின் மேல்தளத்தில், மண்டியிட்ட நிலையில் பிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வெளிவந்த 'கான்டீட்' நாவலில் வால்டேர் தம் நாயகனை அந்தத் துறைமுகத்துக்கு அழைத்துச் செல்கிறார். இந்த நாட்டில் அவ்வப்போது ஒரு கடற்படைத் தலைவரைக் கொல்வது நல்லது என்று அவனுக்குக் காரணம் சொல்லப்படுகிறது. அந்தக் காரணத்தின் கடைசி நான்கு சொற்கள்தாம் இவை. ஆங்கிலேயரின் கொடுமையைப் பற்றி ஒரு பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சில் எழுதியதை, ஆங்கிலேயர் பிரெஞ்சிலேயே எடுத்துத் தம் மொழியில் வைத்துக்கொண்டார்கள். தன்மீது வீசப்பட்ட கண்டனத்தைத் தன் மரபுத்தொடராக்கிக்கொண்ட மொழி அது.

இந்தக் கதை தமிழகத்தில் தொடர்கிறது. பிங் போரிட்ட அதே ஏழாண்டுப் போரில் பிரான்சு அனுப்பிய லாலி என்ற தளபதி 1758-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அவர் சென்னையை முற்றுகையிட்டுத் தோற்றார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் தோற்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். அந்த நெருக்கடிக் காலத்தையும் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் காலமானார். இங்கிலாந்தில் போர்க்கைதியாக இருந்த லாலி, தம்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்வதற்காகப் பரோலில் பிரான்சுக்குத் திரும்பினார். பரோல் என்பதும் பிரெஞ்சுதான். கொடுத்த வாக்கு என்று பொருள். 1766 மே 9 அன்று பாரிசில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. பேசிவிடாதபடி அவர் வாயை அடைத்துக் கொண்டுபோனார்கள். தோல்விக்கு ஒரு தலை தேவை என்று லண்டன் நினைத்ததைப் பாரிசும் நினைத்தது. இங்கேயும் வால்டேர் எழுந்தார். 1773-இல் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் லாலிக்காக வாதாடினார். 1778-இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்ட செய்தி, சாகும் தறுவாயில் இருந்த வால்டேரை எட்டியது.

இதைத் தெரிந்த தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அந்த நான்கு சொற்களும் அயலானவை அல்ல. இப்போது பெயர்ப்புக்கு வருவோம். 'மற்றவர்களுக்குப் பாடமாக' என்பது பலரும் எழுதுவது. செய்தி சரி, ஆனால் அது கொன்றவரின் குரல். கொலையை ஏற்றுக்கொள்ளும் குரல். 'மற்றவர்களை ஊக்குவிப்பதற்காக' என்பது அலுவலகச் சுற்றறிக்கை போல் ஆகிவிடுகிறது. அந்தப் பிரெஞ்சு வினைச்சொல்லின் உள்ளே துணிவு என்ற சொல் இருக்கிறது. துணிவில்லாதவர் என்று ஊர் தூற்றிய மனிதரை மண்டியிட வைத்துச் சுட்டுவிட்டு, மற்றவர்களுக்குத் துணிவு பிறக்கட்டும் என்று சொல்வதில்தான் வால்டேரின் சினம் இருக்கிறது. ஆகவே 'மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று' என்பதே என் பெயர்ப்பு. 'தைரியம் வரட்டும் என்று ஒருவரைச் சுட்டார்கள்' எனப் படிக்கும் தமிழ் வாசகர் ஒரு கணம் துணுக்குறுவார். அந்தத் துணுக்குறல்தான் மூலத்தின் வேலை.

ஆங்கிலத்தில் எழுதுபவர் அந்தக் கசப்பை மறந்து, வெறும் எச்சரிக்கை என்ற பொருளில் இதைக் கையாளும் இடங்களும் உண்டு. அங்கே 'பாடமாக' என்பதே சரி. ஒரே தொடருக்கு ஒரே பெயர்ப்பு என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்வது இங்கே உதவாது.

செய்ய வேண்டியது

ஆங்கில வாக்கியத்தில் பிரெஞ்சுத் தொடர் எதிர்ப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைச் சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார்? இதையே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? குறையும் அந்த ஒன்றைத் தமிழில் எது தரும்?

மூன்றாவது கேள்விக்கு விடை தேடத் தமிழில் வளம் நிறைய இருக்கிறது. படிப்பைக் காட்ட வேண்டுமா, செந்தமிழ் இருக்கிறது. பகட்டைக் காட்ட வேண்டுமா, நம் நகர்ப்புறப் பேச்சில் ஆங்கிலமே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. சாத்திரத்தின் கனம் வேண்டுமா, மணிப்பிரவாள நடை நமக்கு வழிகாட்டுகிறது. ஒரு வேலையும் செய்யாமல் வெறும் பெயராக நிற்கிறதா, 'கல்-டி-சாக்' என்பதை 'முட்டுச்சந்து' என்று எழுதிவிட்டு மேலே போங்கள். அடிக்குறிப்பு வரலாற்று நூலுக்கும் சட்ட நூலுக்கும் உரியது. கதையில் அதை நாடுவதற்குமுன் வாக்கியத்துக்குள்ளேயே வழி இருக்கிறதா என்று முழுமையாகத் தேட வேண்டும்.

தமிழுக்கு வரும் அறிவில் பெரும்பங்கு இன்றும் ஆங்கிலத்தின் வழியே வருகிறது. ஒப்பந்தங்களும் தீர்ப்புகளும் வரலாறுகளும் நாவல்களும் இனியும் வரும். அவற்றைத் தமிழாக்கும் இளைஞர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: சாய்வெழுத்தைக் கண்டு ஒதுங்காதீர்கள், அகராதியோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் தொடர் யாருடைய அதிகாரத்தோடு, யாருடைய துயரத்தோடு அந்த மொழிக்குள் நுழைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் ஒன்றுசேர்ந்து, ஆங்கிலத்தில் வழங்கும் பிரெஞ்சு, லத்தீன் தொடர்களுக்கு அவை வரும் சூழலோடு விளக்கம் தரும் தமிழ்க் கையேடு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதற்கான அறிஞர்கள் புதுச்சேரியிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அந்தப் பணியைத் தொடங்குமாறு இந்த அவையைக் கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.